எத்தியோப்பிய மந்திரியும் எங்கள் சேகரக் கமிட்டியும்

திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் வருகிறார் என்று தேதி வந்ததும் எங்கள் சபைச் சேகரத்துக்குப் பரிசுத்தம் பொங்கிவிட்டது. கோயிலுக்கு வெள்ளை அடித்தார்கள். வாசலில் மாசக்கணக்காய்க் கிடந்த மணலை அள்ளினார்கள். பாடகர் குழுவுக்குப் புதிதாக 22 வெள்ளை அங்கி, போதகரான ஐயருக்குத் தனியாக லேஸ் வைத்து ஒன்று என்று தீர்மானம் போட்டார்கள். யாரிடம் தைக்கக் கொடுப்பது என்பதில் மட்டும் விவாதமே இல்லை. சுற்றுவட்டாரத்தில் அங்கிக்குக் கழுத்து வெட்டத் தெரிந்த கை ஒன்றுதான். அது என் சித்தி மகளின் கை.

ஞானஸ்நானப் பதிவேட்டில் அவள் சித்தியின் மகன். பத்து வருடமாக அரசாங்க அடையாள அட்டையில் திருநங்கை. அரசாங்கம் என்றால் வேண்டாவெறுப்பாகவே எல்லாம் செய்யும் அரசாங்கம்தான். அதுவே 2008-இல் இங்கே திருநங்கைகளுக்கு நல வாரியம் வைத்தது, 2014-இல் உச்ச நீதிமன்றமும் நீங்கள் யார் என்று சொல்லும் உரிமை உங்களுக்கே என்று தீர்ப்பு எழுதிவிட்டது. எங்கள் சேகரக் கமிட்டிக்கு இன்னும் தகவல் வரவில்லை. வருடா வருடம் அவள் கட்டுகிற சங்கக் காணிக்கைக்குப் பழைய பெயரில்தான் ரசீது. பழைய பெயர்க்காரன் கட்டிய பணம் நல்ல பணம். அதைக் கட்டியவள் திருவிருந்துக்கு வந்து முழங்கால் போட்டால் மட்டும் பீடம் தீட்டுப்பட்டுவிடும்.

ஐயருடைய தோள், மார்பு, கை நீளம் எல்லாவற்றுக்கும் அவள் டேப் பிடித்து அளவெடுக்கலாம். அவர் கையால் ஒரு துண்டு அப்பம் வாங்கக் கூடாது.

திருவிருந்தில் தன்னையும் சேர்க்கவேண்டும், பெண்கள் பக்கம் உட்காரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதைக் கமிட்டி எடுத்துப் பேசிய இரவில் நானும் அந்த அறையில் இருந்தேன். பொருள் 1, அசன விருந்துக்கு அரிசி. பொருள் 2, ஜெனரேட்டர் வாடகை. பொருள் 3, போன வருட அசனக் கணக்கில் காணாமல்போன இரண்டு கிடா. பொருள் 4, இதர. அவள் 'இதர'வில் வந்தாள். அரசாங்கப் படிவத்தில் ஆண், பெண், இதர என்று மூன்று கட்டம் போட்டிருக்குமே, அதைப் பார்த்து எங்கள் செயலாளர் கற்றுக்கொண்டது அந்த ஒரு சொல்தான்.

கிடா விஷயம் ஐந்தே நிமிஷத்தில் முடிந்தது. கிடா யார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும், அவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். "நமக்குள்ள என்ன, மன்னிச்சு விட்டுருவோம்" என்றார் ஒரு அண்ணாச்சி. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன கர்த்தரின் நாமத்தில் கிடாக்கள் மன்னிக்கப்பட்டன.

'இதர'வுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

"பொம்பளையாட்கள் பக்கத்துல உட்கார்ந்தா அவிய சங்கடப்படுவாவளே" என்று ஆரம்பித்தார் பொருளாளர். அறையில் பெண் ஒருத்தியும் கிடையாது. எங்கள் தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆரம்பித்தே பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் கமிட்டி அறைக்குள் பெண் வருவது இன்னும் டீ டம்ளர் எடுக்கத்தான். சரி, அந்தப் பெண்களுக்கு என்ன சங்கடம்? அத்தனை பேரின் ரவிக்கை அளவும் அவளுடைய நோட்டில் இருக்கிறது. ஐயரம்மாவுடையது உட்பட. கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிக்கொண்டு "கொஞ்சம் லூசா வைட்டி" என்று சொல்லும்போது இல்லாத சங்கடம், வேதபாடம் வாசிக்கும்போது எங்கிருந்து வரும்? பொருளாளருக்குத்தான் தெரியும்.

"ஆம்பளையாட்கள் பக்கம்?" என்றேன். அவ்வளவுதான் என் வீரம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கையமர்த்தினார். "முன்னுதாரணம் ஆயிரும்யா. இன்னைக்கு ஒண்ணை விட்டா நாளைக்கு எல்லாரும் அப்படி வந்து நிப்பாவ." முந்நூறு குடும்பத்து ஆண்களும் பீரோவில் சேலையை மடித்து வைத்துக்கொண்டு, கமிட்டி எப்போது கதவைத் திறக்கும் என்று காத்துக்கிடப்பதைப் போல அவர் முகம் கவலையில் வெளிறிவிட்டது.

எங்கள் கோயிலில் இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். நடுவில் ஒரு பாதை. அதில் மணமக்கள் வருவார்கள், பேராயர் வருவார், சவப்பெட்டி வரும். நடுவில் நிற்க அவளுக்கு இருக்கிற ஒரே வழி மூன்றாவது. அதற்கும் பழைய பெயரில்தான் அறிவிப்பு வாசிப்பார்கள், முடியை வெட்டி வேட்டி கட்டித்தான் பெட்டிக்குள் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயம் தனி.

கடைசியில் தீர்மானம்: "ஜெபத்தில் வைப்போம்." எங்கள் ஊரில் கோப்பு தூசு தின்கிற அலமாரிக்கு ஜெபம் என்று பெயர். அதுவரை அவள் முகப்பில், ஒலிபெருக்கிப் பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம். அசனச் சாப்பாடு பார்சல். அசனம் என்பதே மேல்வீடு கீழ்வீடு பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்பது. பார்சல் அசனம் என்று ஒன்றைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் சேகரத்துக்குத்தான்.

நான் எதிர்த்துக் கை தூக்கவில்லை. ஆதரித்தும் தூக்கவில்லை. கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பிறகு அவளிடம் சொன்னபோது சிரித்தாள். "போண்ணே, நீ என்ன பேதுருவா? சேவல் கூவுறதுக்கு?"

அவள் கடை நான்குவழிச் சாலை ஓரம். கீழே கடை, மேலே ஒரு அறை. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்குக் கண்டெய்னர் லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நமக்கு அது தூக்கம் கெடுக்கிற சத்தம். அவளுக்கு எக்காளம். சின்ன வயதில் இரகசிய வருகையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள். எக்காளம் தொனிக்கும், பரிசுத்தவான்கள் மேகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கிடந்து சாவார்கள். ஹாரன் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து கைப்பேசியை எடுத்துச் சித்திக்கு அடிப்பாள். சித்தி நல்ல விசுவாசி. போன் எடுத்தால் வருகை இன்னும் வரவில்லை என்று அர்த்தம். எடுக்காவிட்டால் எல்லோரும் போய்விட்டார்கள், இவள் மட்டும் தையல் மிஷினோடு மிச்சம்.

சித்தி எடுப்பாள். பகலெல்லாம் "ஏல" என்று கூப்பிடுகிறவள், அந்தத் தூக்கக் கலக்கத்தில் "என்னட்டி?" என்பாள். இவள் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவாள்.

"மனுசனுக்குப் பயந்தா ஊரைவிட்டு ஓடலாம். இவருக்குப் பயந்தா எங்கண்ணே ஓட?" என்று ஒருநாள் கேட்டாள். பட்டணத்தில் அவளுக்குச் சில முற்போக்கு நண்பர்கள் உண்டு. மதத்தை விட்டுத் தொலை, கடவுளே கிடையாது என்று அவர்கள் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். "அவியளுக்கு இல்லை. எனக்கு இருக்காரே. என்ன செய்ய?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பல் வலிக்கிறவனிடம் பல்லே இல்லாதவன் சொல்லும் வைத்தியம் மாதிரி இருக்கிறது அந்த அறிவுரை.

இந்தப் பயத்தைப் போக்க ஆள் வைத்தும் பார்த்தார்கள். சித்தி அவளுடைய இருபதாவது வயதில் ஒரு விடுதலைக் கூட்டத்துக்கு அழைத்துப்போனாள். எந்த ஊழியம் என்று எழுதவில்லை. எழுதினால் இன்னும் கூட்டம் சேரும். மூன்று நாள் உபவாசம். தலையில் ஒரு புட்டி தேங்காய் எண்ணெய். மேடையில் நிறுத்தி, மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்து, "அசுத்த ஆவியே, உன் பேரென்ன?" என்று அதட்டியிருக்கிறார் ஊழியக்காரர். பட்டினி மயக்கத்தில் இருந்தவள், பேர் கேட்கிறார்களே என்று பேரைச் சொல்லியிருக்கிறாள். மனசுக்குள் தனக்குத் தானே வைத்துக்கொண்டிருந்த பெண் பேர். அதுவரை உரக்கச் சொன்னதே இல்லையாம். ஆவி வாயைத் திறந்துவிட்டது என்று ஆயிரம் பேர் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார்கள். பந்தல் அதிர "போ! போ!" என்று அந்தப் பேரை விரட்டியிருக்கிறார்கள்.

இப்போது கடையின் பெயர்ப்பலகையில் இருப்பது அந்தப் பேர்தான்.

சரி, அவளை நரகத்துக்கு அனுப்புகிற சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். நம் ஐயமார் முதலில் எடுப்பது உபாகமம் 22-ஆம் அதிகாரம், 5-ஆம் வசனம். ஆணின் உடையைப் பெண்ணும் பெண்ணின் உடையை ஆணும் போடக்கூடாது. இருக்கிறது, மறுக்கவில்லை. அதே அதிகாரத்தை இன்னும் ஆறு வசனம் கீழே வாசித்தால் ஆட்டுமயிரும் பஞ்சும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே என்று இருக்கிறது. ஐயருடைய அங்கிக்கு நெல்லை பஜாரில் பில் போட்டு வாங்கிய துணி டெரிகாட்டன். ஆட்டுமயிர் இல்லையே என்று தப்பித்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு நுணுக்கம் பார்க்கிறவர்கள் அவளுக்கும் கொஞ்சம் பார்த்தால் என்ன? 8-ஆம் வசனம், புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை என்கிறது. பொருளாளர் வீட்டு மாடியில் மூன்று வருடமாகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. 1-ஆம் வசனம் இருக்கிறதே, அதுதான் அற்புதம்: உன் சகோதரனுடைய ஆடோ மாடோ வழிதப்பி வந்தால் கண்டும் காணாதவன்போல் இராதே, திருப்பிக் கொண்டுபோய் விடு. அசனக் கிடாவுக்கென்றே மோசே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் கமிட்டியில் அந்த வசனம் மட்டும் எப்படியோ நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து மீட்கப்பட்டுவிட்டது.

அடுத்தது கொரிந்தியர் முதல் நிருபம், ஆறாம் அதிகாரம். தேவராஜ்யத்தில் இடம் கிடைக்காதவர்கள் பட்டியல். நம் பழைய திருப்புதலில் அந்தப் பட்டியலில் சுயபுணர்ச்சிக்காரரும் இருக்கிறார்கள். வாலிபர் கூடுகையில் அந்த இடம் வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கமறும். பொருளாசைக்காரரும் இருக்கிறார்கள். வாலிபர்களுக்குக் கமறுவது ஒரு சொல்லில்தான். பெரியவர்களுக்கு அங்கே தொண்டையே அடைக்க வேண்டும். பள்ளி வேலைக்கு எவ்வளவு, மருத்துவமனை ஒப்பந்தத்துக்கு எவ்வளவு, திருமண்டலத் தேர்தலில் ஒரு ஓட்டுக்கு எவ்வளவு என்று விலை தெரிந்த ஆட்கள் நிறைந்த இடம் அது. சபைத் தேர்தல் வழக்குகளுக்கு உயர் நீதிமன்றத்தில் நாம் செலவழித்திருக்கிற நேரத்தில் ஒரு பாதியை ஜெபத்துக்குக் கொடுத்திருந்தால் வருகையே வந்திருக்கும். அந்த ஆட்களில் ஒருவனாவது ராத்திரி லாரிச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் அடிப்பானா? குறட்டை விடுகிறான். நரக பயத்தைக்கூட இந்தச் சபை நியாயமாகப் பங்கு வைக்கவில்லை.

ஆண் நீளமாய் மயிர் வளர்த்தால் அவனுக்குக் கனவீனம் என்றும் பவுல் எழுதியிருக்கிறார். அதை வாசிக்கும் வீட்டுச் சுவரில் தோள்வரை சுருண்ட கூந்தலோடு இயேசு பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் படத்தை 1940-இல் சிகாகோவில் வார்னர் சால்மன் வரைந்தார். நம் வீட்டுக் காலண்டர்களின் இயேசுவெல்லாம் அவர் வழிவந்தவர்கள்தான். அந்த இயேசுவை யாரும் முகப்பில் உட்கார வைக்கவில்லை.

துணி என்று பேச்சு வந்துவிட்டதால், என் பாட்டிமார்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரிச் சீமையில், இன்ன சாதியில் பிறந்தவள் மார்பை மறைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. கிறிஸ்தவர்களான சாணார் பெண்கள் தோள்சீலை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். நடுரோட்டில் இழுத்துக் கிழித்தார்கள். கோயில்களைக் கொளுத்தினார்கள். 1822-இல் தொடங்கி 1859 வரை, ஏறக்குறைய நாற்பது வருடம். கிழித்தவர்களின் வாதம் என்ன? பிறப்புக்கு ஏற்ற துணியைப் போடு. ஆண்டவன் படைத்த ஒழுங்கைக் கெடுக்காதே. இன்று ஒன்றை விட்டால் நாளைக்கு எல்லாரும் அப்படி வந்து நிற்பார்கள். தலைமையாசிரியர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அவருடைய கொள்ளுப்பாட்டியின் சீலையைக் கிழித்தவன் பேசிய பேச்சைத்தான் எழுத்து மாறாமல் ஒப்பித்தார். 1859 ஜூலையில் மகாராஜா இறங்கிவந்தபோதும் நிபந்தனை வைத்தே இறங்கினார்: போர்த்திக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போர்த்துகிற மாதிரி மட்டும் கூடாது. பந்தியில் பார்சல் என்பதற்கு அன்றைய வடிவம்.

தோள்சீலைக்காக அடிவாங்கிய சபை என்று நூற்றாண்டு மலர் போடுகிறோம். அந்த மலரின் அட்டையில் இருக்கும் பெண்களின் பேரப்பிள்ளைகள் கமிட்டி அறையில் உட்கார்ந்து, ஒருத்தியின் தோளில் கிடக்கும் சீலையை எப்படி உருவலாம் என்று ஒன்றே முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். வெட்கம் என்று ஒரு பொருள் எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலும் வருவதில்லை.

நம்மைவிடப் பெரிய சபைகளும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவை இல்லை. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பேரவை, கிறிஸ்துவின் தேவத்துவத்தைப் பேசி முடித்த கையோடு, ஒழுங்குவிதிகளில் முதல் விதியாக எழுதியது யாரைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? தன்னைத் தானே வெட்டிக்கொண்டவன் குருவாக இருக்க முடியாது. வைத்தியனோ எதிரியோ வெட்டியிருந்தால் இருக்கலாம். அப்போதே ஒன்றுக்கு இரண்டு அளவுகோல். ஐந்தாம் சிக்ஸ்துஸ் போப்பாண்டவர் 1587-இல், அண்ணகர்கள், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர்கள், கல்யாணம் செய்தால் செல்லாது என்று உத்தரவு போட்டார். இரண்டே வருடத்தில், 1589-இல், புனித பேதுரு பேராலயப் பாடகர் குழுவுக்கு அண்ணகர்களைச் சேர்த்துக்கொள்ளவும் அவரே உத்தரவு போட்டார். சபையில் பெண்கள் பேசக்கூடாது. ஆனால் பெண்குரல் இல்லாமல் பாட்டு எடுபடாது. என்ன செய்வது? பையன்களை வெட்டினார்கள். வெட்டுவது பாவம் என்று சபை சொல்லிக்கொண்டே இருந்தது, வெட்டுப்பட்ட குரலில் ஸ்தோத்திரப் பாட்டைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டும் இருந்தது. அந்த வரிசையில் கடைசி ஆள் அலெசாந்த்ரோ மொரெஸ்கி 1922-இல்தான் இறந்தார். 1902-இலும் 1904-இலும் பதிவான அவருடைய குரல் இசைத்தட்டில் இருக்கிறது. கேட்டுப்பாருங்கள், முழுதாகக் கேட்க முடியாது.

நம் காலத்துக்கு வருவோம். 2023 நவம்பரில் வத்திக்கான் ஒரு பதில் வெளியிட்டது: திருநர் ஞானஸ்நானம் பெறலாம், பொதுவில் இடறல் உண்டாகாதபட்சத்தில். அதே மாதம் போப் பிரான்சிஸ் ஏழைகளுக்கு வைத்த விருந்தில் திருநங்கைகளும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பார்சல் இல்லை, பந்தி. மனசு குளிர்ந்தது. 2024 ஏப்ரலில் அதே வத்திக்கான் இன்னொரு ஏடு போட்டது: பாலின மாற்றச் சிகிச்சை மனித மாண்புக்கே ஆபத்து. தண்ணீர் கொடுப்போம், ஆனால் தாகம் எடுத்தது தப்பு. திருநங்கையைச் சபைக்குள் சேர்ப்பதெல்லாம் முடியாத காரியம் என்று சொல்கிறவர்களுக்காக ஒன்று: செங்கல்பட்டுப் பக்கம் எவாஞ்சலிக்கல் சர்ச் ஆஃப் இந்தியாவில் பாரதி என்ற திருநங்கை போதகராகவே ஊழியம் செய்திருக்கிறார். அவர் ஜெபம் பண்ணியதால் கூரை இடிந்து விழுந்ததாகச் செய்தி இல்லை.

இனி மந்திரி. ஓய்வுநாள் பள்ளியில் படித்த எல்லோருக்கும் எத்தியோப்பிய மந்திரியைத் தெரியும். ரதத்தில் போகிறார், ஏசாயா தீர்க்கதரிசியின் சுருளை வாசிக்கிறார், பிலிப்பு ஓடிவந்து ஏறிக்கொள்கிறான், வழியில் தண்ணீரைக் கண்டதும் நான் ஞானஸ்நானம் எடுக்க என்ன தடை என்று கேட்கிறார். சின்ன வயதில் விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நாடகத்தில் நான் மந்திரியாக நடித்திருக்கிறேன். அட்டை கிரீடம், அம்மாவின் பட்டுச்சேலை மேலங்கியாக. (பெண்ணின் உடையை ஆண் உடுத்தலாமா என்று அன்றைக்கு யாரும் உபாகமத்தைத் திறக்கவில்லை.)

மூலத்தில் அவர் மந்திரி இல்லை. அதாவது, மந்திரி வேலை பார்த்தார், கந்தாகே ராணியின் கஜானா அவர் கையில் இருந்தது. ஆனால் இந்தக் கதையை எழுதிய லூக்கா அவரை ஐந்து தரம் கூப்பிடுகிற சொல் வேறு. மத்தேயு 19-இல் இயேசு, தாயின் வயிற்றிலேயே அப்படிப் பிறந்தவர்கள் உண்டு, மனிதர் அப்படி ஆக்கியவர்கள் உண்டு, பரலோகராஜ்யத்துக்காகத் தாங்களே ஆனவர்களும் உண்டு என்று சொல்லும் இடத்தில் வருகிற அதே கிரேக்கச் சொல். அங்கே தமிழில் 'அண்ணகர்' என்று நேர்மையாகப் போட்டிருக்கிறார்கள். அப்போஸ்தலர் 8-க்கு வந்ததும் அதே சொல் 'மந்திரி' ஆகிவிட்டது. எரேமியாவைச் சேற்றுக் குழியிலிருந்து கந்தலும் கயிறும் போட்டுத் தூக்கிக் காப்பாற்றினானே எபெத்மெலேக், அவனும் அண்ணகன்தான், தமிழில் 'பிரதானி'. எஸ்தரைப் பார்த்துப் பார்த்து ராணியாக்கின யேகாயும் பிரதானி. பழிக்கும் இடத்தில், ஒதுக்கும் இடத்தில் உறுப்பை எண்ணிச் சொல்கிற புத்தகம், அவர்கள் நல்லது செய்யும் இடத்தில் பதவி உயர்வு கொடுத்து ஆளை மறைத்துவிடுகிறது.

அண்ணகரும் திருநங்கையும் ஒன்றா என்று ஒரு இறையியல் அண்ணாச்சி இந்நேரம் கேட்டிருப்பார். ஒன்றில்லை. ஆண் பக்கம், பெண் பக்கம் என்று இரண்டே பெஞ்சு போட்ட உலகத்தில் எந்தப் பெஞ்சிலும் இடம் இல்லாதவர்கள் இருவரும். அந்த மட்டுக்கு ஒன்று.

அந்த மனிதர் எருசலேமுக்குப் போய் ஆராதித்துவிட்டுத் திரும்புகிறார். உபாகமம் 23-இன் முதல் வசனப்படி அவரைச் சபைக்குள் விடக்கூடாது. முகப்போடு அனுப்பியிருப்பார்கள், நாற்காலியாவது போட்டார்களோ என்னவோ. திரும்பும் வழியில் அவர் மடியில் விரிந்து கிடப்பது ஏசாயா 53. சுருளை இன்னும் மூன்று அதிகாரம் உருட்டினால் 56 வரும். தன்னைப் பட்டமரம் என்று அண்ணகன் சொல்லிக்கொள்ள வேண்டாம், என் வீட்டுக்குள்ளே, என் மதிலுக்குள்ளே அவனுக்கு இடம் கொடுப்பேன், மகன்கள் மகள்களுக்குக் கிடைக்கும் பேரைவிட நல்ல பேரும் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்லும் இடம். வீட்டுக்குள்ளே, மதிலுக்குள்ளே. முகப்பில் என்று இல்லை, எத்தனை தடவை வாசித்தாலும் இல்லை.

தடை என்ன என்று அவர் கேட்டபோது பிலிப்பு கமிட்டி கூட்டவில்லை. முன்னுதாரணம் ஆகிவிடும் என்று தாடியைத் தடவவில்லை. ஜெபத்தில் வைக்கவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

இதை ஒரு ராத்திரி அவள் கடையில் உட்கார்ந்து சொன்னேன். வேதாகமத்தை அவளே எடுத்து மத்தேயுவில் ஒரு விரல், அப்போஸ்தலரில் ஒரு விரல் என்று வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தோள் லேசாகத் தூக்கிப்போட்டது, ஆனால் போனை எடுக்கவில்லை. "மந்திரின்னு சொல்லி என்னையல்லாண்ணே ஒளிச்சு வச்சிருக்காவ" என்றாள். பிறகு கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். "இருபது வருசமா ராத்திரி தூங்கலண்ணே. இந்த ஒரு வரியை ஒருத்தன் வாசிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

பேராயர் வந்தார். 22 அங்கியும் ஐயரின் லேஸ் அங்கியும் வெயிலில் பளீரென்று நடுப்பாதையில் போயின. கழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. தையல் கூலியில் பொருளாளர் 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டார். கர்த்தருடைய காரியம், காணிக்கையாய் இருக்கட்டும் என்று. ரசீது பழைய பெயரில். அவள் ஒலிபெருக்கிப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அன்றைக்கென்று கொஞ்சம் சிரித்த முகமாகவே இருந்தாள். என்னவென்று கேட்டேன். சொல்லவில்லை. அசனப் பார்சலைப் பிரிக்கும்போதுதான் சொன்னாள். ஐயர் அங்கியின் காலருக்கு உள்பக்கம், பிடரியில் படுகிற இடத்தில், வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பொடி எழுத்தில் ஒன்று தைத்திருக்கிறாளாம். ஏசாயா 56:5. ஞாயிறு தவறாமல் அது ஐயரின் கழுத்தில் ஏறுகிறது.

எந்தச் சேகரம், எந்த ஐயர் என்று நான் எழுதப்போவதில்லை. தென்மாவட்டத்தில் அங்கி போடுகிற ஐயமார் எல்லோரும் இந்த வாரம் காலரைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும்.